இடது முன் டயர்

அந்த ஒத்த ரூவாய எடுக்காதீங்க. அது அங்கயே இருக்கட்டும். கோவிச்சுக்காதீங்க, யாரோ மறந்து வெச்சுட்டுப் போனதுன்னு நெனச்சுத்தான் கைய நீட்டுனீங்க, தெரியுது. எல்லாரும் அப்படித்தான் நெனைக்கறாங்க. அந்த ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காருங்க. அலைன்மென்ட்டுக்கு இருவது நிமிசம் ஆகுமுங்க. டீ சொல்லட்டுங்களா? வேண்டாமா, சரி.

வண்டி எடது பக்கம் இழுக்குதுன்னீங்க. இழுக்கத்தான் செய்யும். எங்கயோ குழியில எறக்கிருக்கீங்க. ஆனா டயரு நாலும் நல்லா இருக்குது, மாத்தத் தேவையில்ல. இன்னும் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடும். எனக்குத் தொட்டுப் பாத்தாவே தெரிஞ்சுருமுங்க. பதினாறு வருசம் ரேஸ் டயரத் தொட்ட கை இது.

ஆமாங்க, கார் ரேஸ்தான். நம்பலைங்களா? அந்தச் செவுத்துல இருக்கற போட்டோவப் பாருங்க. செவப்பு வண்டி, பக்கத்துல தொப்பி போட்டுட்டு டயர் மேல கைய வெச்சுட்டு நிக்கறது நான்தான். அப்ப முடி இருந்துச்சு. டயர் சம்பத்துன்னா கோயமுத்தூர்ல ரேஸ்காரங்க எல்லாத்துக்கும் தெரியும். உள்ள உக்காந்திருக்கறவன் கிரி. கிரிதரன். கணபதியில மோட்டார் பம்பு செய்யற பட்டறை வெச்சிருக்கறவரு மகன். நல்ல வேகமுங்க. நான் பாத்ததுல அவனுக்கு மேல வேகமா யாரையும் பாக்கல. அத இப்பவும் சொல்லுவேன். அவன் மேல எனக்கு வருத்தம் இருக்குது, ஆனா வேகத்துல கொற சொல்ல மாட்டேன்.

வருத்தம் என்னன்னா, நான் சொன்னத அவன் நம்பல. அவ்வளவுதான். நம்பியிருந்தா இன்னைக்கு எங்கயோ இருந்திருப்பான்.

உங்களுக்கு ரேஸ் தெரியாதில்லைங்களா, அதனால மொதல்ல இருந்து சொல்றேன். எங்க பந்தயத்துல ஒரு வாரத்துக்கு ஒரு வண்டிக்கு நாலே நாலு புது டயருதான். அதிகாரிங்க வந்து பெயின்ட்டுல அடையாளம் வெச்சுட்டுப் போயிருவாங்க, மாத்த முடியாது. சனிக்கிழமை குவாலிஃபையிங். இருவது நிமிசத்துக்குள்ள எல்லாரும் ஓட்டி, யாரோட ஒரு சுத்து ரொம்ப வேகமோ அவன் மறுநாள் மொத வரிசையில நிப்பான். ஞாயித்துக்கிழமை ரேஸ், பதினஞ்சு சுத்து. ரெண்டுக்கும் அதே நாலு டயரு. இங்கதான் வேலையே. சனிக்கிழமை மொத எடம் வேணும்னு டயரப் போட்டுத் தேச்சா, ஞாயித்துக்கிழமை பத்தாவது சுத்துல ரப்பர் இருக்காது. ஞாயித்துக்கிழமைக்குன்னு பொத்திப் பொத்தி வெச்சா, சனிக்கிழமை பின்னாடி போயி நிக்கணும். எது எவ்வளவுன்னு முடிவு பண்றதுதான் என்ற வேலை. ஓட்டறவனுக்கு அது தெரியாதுங்க. ஓட்டறவனுக்கு எல்லாச் சுத்தும் கடைசிச் சுத்துதான்.

அவனுக்கு எப்படிச் சொல்றதுன்னு கேக்கறீங்களா? எங்க வண்டியில ரேடியோ எல்லாம் கெடையாது. ஒரு கருப்புப் போர்டு இருக்கும், அதுல மஞ்சள் எழுத்துத் தகடு சொருகி, பிட்டு, அதான் நாங்க வண்டி வேலை பாக்கற எடம், அந்தச் செவுத்துக்கு மேல ஒரு சுத்துக்கு ஒரு தடவை நீட்டணும். அவன் இருநூறுல வருவான். அரை செகண்டுதான் பாப்பான். பி 1னு போட்டா நீ மொத எடம். பிளஸ் 4ன்னு போட்டா பின்னாடி வர்றவன் நாலு செகண்ட் தள்ளி இருக்கான். நீலத் தகடு சொருகுனா, டயரு காயுது, மெதுவாப் போ. அவ்வளவுதான் பாஷை. மொத வருசம் நானும் அவனும் டீக்கடையில உக்காந்து பேசி வெச்சது. "அங்க உள்ள உக்காந்தா எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்ணா. நீங்க என்ன போடறீங்களோ அதான் எனக்கு"ன்னு சொன்னான். மூணு வருசம் அப்படித்தான் ஓட்டுனான். நான் போட்டத ஒரு தடவை கூடத் திருப்பிக் கேட்டதில்ல.

மூணாவது வருசம்தான் கடைசின்னு அவங்கப்பா சொல்லிட்டாரு. சாம்பியன்ஷிப் ஜெயிச்சா வெளிநாட்டுல ஒரு டீமு கூப்ட்டு ஓட்டிப் பாக்கச் சொல்லும். ஜெயிக்கலைன்னா பட்டறைக்கு வந்துரணும். பெரியவரு தப்பானவரு இல்லைங்க. மூணு வருசம் எதுவும் கேக்காமச் செலவு பண்ணுனாரு, ஆனா ஒரு ரேஸ் கூட வந்து பாத்ததில்ல. பாத்தா படபடன்னு வருதும்பாரு.

கடைசி ரேஸ் மெட்ராஸ்ல, ஸ்ரீபெரும்புதூர் பக்கம். கணக்கு சுலபம். கிரி ஜெயிச்சா கிரிக்கு. வேற எது நடந்தாலும் பெங்களூர்க்காரன் ஒருத்தன் இருந்தான், வெள்ளை வண்டி, அவனுக்கு.

சனிக்கிழமை மத்தியானம். வெயில்னா வெயில் அப்படி ஒரு வெயிலுங்க. தார்ல முட்டை ஊத்துனா வெந்துரும். அந்த ட்ராக்குல வலது பக்க வளைவு ஜாஸ்தி, அதனால எடது முன் டயருதான் மொதல்ல சாகும். நான் கிரிகிட்ட அஞ்சு சுத்து போதும், அப்பறம் உள்ள வந்துருன்னு சொல்லி அனுப்புனேன். சரிங்ணான்னான். அஞ்சு சுத்து முடிஞ்சப்ப நாலாவது எடம். உள்ள வான்னு போர்டு நீட்டுனேன். வரல. ஆறாவது சுத்து. நீட்டுனேன். வரல. வளைவுல வர்றப்ப எடது முன் டயருல சத்தம் கேக்குது எனக்கு. மத்தவங்களுக்குக் கேக்காது, எனக்குக் கேக்கும். மொத எடம் கெடைக்காம அவன் வர மாட்டான், அது அவன் பொறப்பு. இன்னும் மூணு சுத்து விட்டா மறுநாளுக்கு டயரு இல்ல. டயரு இல்லைன்னா ஜெயிக்க முடியாது. ஜெயிக்கலைன்னா பட்டறை. நான் யோசிக்கவே இல்லைங்க. போர்டுல பி பக்கத்துல இருந்த நாலக் கழட்டிட்டு ஒண்ணச் சொருகுனேன்.

பி 1.

பாத்தான். கையத் தூக்குனான். வேகத்தக் கொறச்சுட்டு உள்ள வந்துட்டான்.

ஹெல்மெட்டக் கழட்டுனதும் என்னையக் கட்டிப் புடிச்சான். வேர்வை நாத்தம், நெருப்பாட்டம் சூடு. நான் அவன் முதுகுக்கு மேல எட்டி டயரப் பாத்துட்டு இருந்தேன். நல்லா இருந்துச்சு. சரியான நேரத்துல நிறுத்திருக்கேன். அதுக்குள்ள அவன் போன எடுத்துட்டு அக்கட்டால போயிட்டான். அவங்கப்பாகிட்ட. "அப்பா, நான்தாம்ப்பா மொத எடம்"னு சொல்றது எனக்குக் கேட்டுச்சு. அப்பவே சொல்லிருக்கலாம். சந்தோசமாப் பேசிட்டு இருக்கறான், எடையில போயி எதுக்குன்னு விட்டுட்டேன்.

பத்து நிமிசம் கழிச்சு யாரு எத்தனாவது எடம்னு நேரத்தாள் ஒட்டுனாங்க. நாலாவது எடம்.

வந்து நின்னான். "போர்டு மாத்திப் போட்டுட்டீங்களாங்ணா?"ன்னு கேட்டான். மெதுவாத்தான் கேட்டான். ஆமான்னு சொல்லிருந்தா முடிஞ்சது. ஆனா பாருங்க, நான் பொய் சொல்ற ஆளு கெடையாது. "இல்ல கிரி, தெரிஞ்சுதான் போட்டேன், டயருக்காகத்தான். நாளைக்கு நீயே புரிஞ்சுக்குவே"ன்னேன். க்ளவுஸ ஒண்ணொண்ணாக் கழட்டி, அத மறுபடியும் மாட்டுனான். எங்க போறதுன்னு தெரியாதவனாட்டம் அங்கயே கொஞ்ச நேரம் நின்னான். அப்பறம் போயிட்டான்.

அவங்கப்பாவுக்குத் திருப்பிப் போன் பண்ணிச் சொன்னானான்னு கேக்கறீங்களா? பண்ணலைங்க. அது எனக்கு மறுநாள்தான் தெரிஞ்சுது.

ஒரு நிமிசம் இருங்க. "செந்திலு, அந்த ஆல்டோவ எறக்கியாச்சா?" ... உங்க வண்டி இன்னும் மேடையில ஏறலைங்க. முன்னாடி ரெண்டு வண்டி இருக்குது. ஒரு மணி நேரம் ஆகும். இருவது நிமிசம்னு சும்மா சொன்னேன். ஒரு மணி நேரம்னா நீங்க அப்பறமா வர்றேன்னு போயிருவீங்க, வண்டி இழுத்துட்டே ஓடும், நல்லா இருக்கற டயரும் ஒரு பக்கமாத் தேஞ்சு போகும். உங்க நல்லதுக்குத்தான். உக்காருங்க, ஃபேன் போடறேன்.

ஞாயித்துக்கிழமை காலையில பாத்தா, கிரியோட அப்பா வந்து நிக்கறாரு. விடியறதுக்கு முன்னாடியே கெளம்பிக் காரு ஓட்டிட்டு வந்திருக்காரு. மூணு வருசத்துல மொத தடவை. மகன் மொத எடத்துல நிக்கறத ஒரு தடவையாவது பாத்துரணும்னு வந்தேங்கறாரு. புதுச் சட்டை. கிரி "வாங்கப்பா"ன்னான், வேற எதுவும் சொல்லல. அவர நான்தான் கூட்டிட்டுப் போயி ஸ்டாண்டுல உக்கார வெச்சேன். வண்டிங்க வரிசையில வந்து நின்னுச்சு. அவரு மொத வரிசையையே பாத்துட்டு இருந்தாரு. அப்பறம் ரெண்டாவது வரிசையில செவப்பு வண்டியக் கண்டுபுடிச்சாரு. என்ற பக்கம் திரும்பி, "ஏனுங்க சம்பத்து, இதுல வலது பக்கம் இருந்து எண்ணணுமா, எடது பக்கம் இருந்தா?"ன்னு கேட்டாரு. எனக்கு வேலை இருக்குதுங்கன்னு எறங்கி வந்துட்டேன்.

ரேஸ் ஆரம்பிச்சுது. நான் சொன்னபடியேதானுங்க நடந்துச்சு. அத நீங்க கவனிக்கணும். ஒண்ணு கூடத் தப்பல. மூணாவது சுத்துல ஒருத்தனத் தாண்டுனான். அஞ்சாவதுல இன்னொருத்தன். ஆறாவது சுத்துல அந்த பெங்களூர்க்காரன். அவன் சனிக்கிழமையே டயர முடிச்சுட்டான், வளைவுல வண்டி நிக்க மாட்டேங்குது, கிரி உள்பக்கமாப் பூந்து போயிட்டான். மொத எடம். ஒம்பதாவது சுத்துல ஆறு செகண்ட் முன்னாடி. பிட்டுல எல்லாரும் என்ற தோளத் தட்டறாங்க.

நான் போர்டு போட்டேன். பி 1. பிளஸ் 6. நீலத் தகடு.

பாத்தான். தலை திரும்புனத நான் பாத்தேன். ஆனா மெதுவாப் போகல.

அடுத்த சுத்து. பி 1, பிளஸ் 7, நீலம். அதுக்கு அடுத்தது பிளஸ் 8. மெதுவாப் போகல. இன்னும் வேகமாப் போறான். என்னடான்னு பாத்தா அவனுக்குப் பின்னாடி ஒரு வெள்ளை வண்டி. பெங்களூர்க்காரன் டீம்லயே இன்னொருத்தன், மொத சுத்துல முட்டி வண்டி மூக்க ஒடச்சுக்கிட்டு உள்ள வந்து, சரி பண்ணிட்டு, ஏழெட்டு சுத்து பின்னாடி கெடக்கறான். அவன் கிரிக்கு முதுகுலயே வெளிய வந்துட்டான். அதே வெள்ளை. கண்ணாடியில என்னங்க தெரியும், வெள்ளையா ஒண்ணு தெரியும். போர்டு எட்டு செகண்ட் தள்ளிங்குது. கண்ணாடி ஒட்டிட்டு வர்றாங்குது.

நான் போர்டுல இருந்த எட்ட வெரலால தட்டித் தட்டிக் காட்டுனேன். பக்கத்துல இருந்த மெக்கானிக் ஆரோக்கியத்துகிட்ட போர்டக் குடுத்து நீட்டச் சொன்னேன். நான் செவுத்து மேல ஏறி மெதுவா, மெதுவான்னு கையாட்டுனேன். அதிகாரி ஒருத்தர் வந்து என்னையக் கீழ எறக்குனாரு. கிரி ஆரோக்கியத்தையும் பாக்கல, போர்டையும் பாக்கல. கடைசி மூணு சுத்து அவன் இந்தப் பக்கம் திரும்பவே இல்லைங்க.

பதினாலாவது சுத்துல எடது முன் டயரு போச்சு. வேகமான வலது வளைவு. வண்டி திரும்பாம நேராப் போயி டயர்ச் செவுத்துல முட்டுச்சு. டயர்ச் செவுருன்னா, பழைய டயர அடுக்கிக் கட்டி வெச்சிருப்பாங்க, முட்டுனா அடி கொறையட்டும்னு. நான் கழட்டிப் போட்டதும் அதுல கெடக்கும். ஆனா மூக்கு அதுக்குள்ள பூந்துருச்சு. எடது கால் முட்டிக்குக் கீழ ரெண்டு எடத்துல ஒடஞ்சுது.

அவன வெளிய எடுத்து ஆம்புலன்ஸ்ல ஏத்துனாங்க. கிரியோட அப்பா ஸ்டாண்டுல இருந்து ஓடி வந்தாரு, செருப்பு ஒண்ணுதான் கால்ல இருந்துச்சு. அவரும் ஏறிட்டாரு. நான் என்ன பண்ணுனேன்னு கேளுங்க. வண்டியக் கட்டி இழுத்துட்டு வந்து போட்டாங்களா, நான் டயர் சூடு பாக்கற ஊசிய எடுத்துட்டுப் போயி மிச்சம் இருந்த மூணு டயருக்கும் சூடு பாத்தேன். பின்னாடி ரெண்டும் எம்பத்தெட்டு, தொண்ணூறு. வலது முன்னாடி எம்பத்தாறு. நோட்டுல எழுதுனேன். மூணும் நல்லா இருந்துச்சுங்க. எடது முன் டயருக்கு நேரா ஒரு கோடு போட்டேன். அப்பறம் கை கழுவிட்டு, பொட்டலத்துல இருந்த புளிசாதத்தச் சாப்ட்டேன். பசிச்சுதுன்னு இல்ல. சாப்பாட்டு நேரம், சாப்ட்டேன். எனக்கு ஒண்ணுமே தோணல. அழுகையும் வரல, கோவமும் வரல. இப்ப வரைக்கும் வரல. என்ற சம்சாரம் அதச் சொல்லித்தான் திட்டுவா. வந்தாத்தானுங்க காட்ட முடியும்?

ரெண்டு நாள் கழிச்சு ஆஸ்பத்திரிக்குப் போனேன். காலத் தூக்கிக் கட்டி வெச்சிருந்தாங்க. அவங்கப்பா எந்திரிச்சு வெளிய போயிட்டாரு. நான் நேராவே கேட்டேன். "கிரி, எட்டு செகண்டு தள்ளி இருந்தான். நான் போட்டுக் காட்டுனேன். நீ ஏன் மெதுவாப் போகல?"

அவன் என்னையப் பாக்காம, மேல இருக்கற ஃபேனப் பாத்துட்டே சொன்னான். "அதுக்கு மொத நாளும் நீங்க பி 1தாங்ணா போட்டிருந்தீங்க."

நீங்களே சொல்லுங்க. சனிக்கிழமை போட்டது டயருக்காக. ஞாயித்துக்கிழமை போட்டது நெசம். ரெண்டும் வேற வேற. மூணு வருசத்துல எத்தன நூறு தடவை போர்டு நீட்டிருப்பேன்? அதுல ஒண்ணே ஒண்ணு. ஒண்ணே ஒண்ணுதானுங்க மாத்திப் போட்டேன். அதுவும் அவனுக்காக. அந்த ஒண்ண வெச்சு மிச்சம் அத்தனையும் பொய்ன்னு ஆயிருமா? ஆகுமாங்க?

சரி விடுங்க. நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்.

அதுக்கப்பறம் நான் ரேஸுக்குப் போகல. யாரும் வர வேண்டாம்னு சொல்லல. போர்டக் கையில எடுத்தா என்ன போடணும்னு தெரியல, அவ்வளவுதான். வீட்டுல ஆறு மாசம் சொல்லல. காலையில டூல் பேக்க எடுத்துட்டுக் கெளம்பிருவேன், வ.உ.சி. பார்க்குல உக்காந்துட்டுச் சாயந்தரம் வந்துருவேன். அவ பயந்துருவாளேன்னுதான். அப்பறம் இந்தக் கடைய எடுத்தேன். வேலை அதேதான். டயரு அதேதான். இங்க யாருக்கும் அவசரம் இல்ல, உங்களத் தவிர.

அந்த ரூவாய்க்கு வர்றேன்.

எட்டு மாசம் முன்னாடி, ஒரு காலையில, வெள்ளை நெறத்துல கியர் இல்லாத காரு ஒண்ணு வந்து நின்னுச்சு. எறங்குனது கிரி. எடை போட்டுட்டான். சட்டைப் பாக்கெட்டுல பட்டறை பேரு போட்ட பேனா. எடது கால் மடங்கல, மொதல்ல அத வெளிய எடுத்து வெச்சு, அப்பறம் கதவப் புடிச்சு எந்திரிக்கறான். என்னையத் தேடி வரலைங்க. ஆணி ஏறிருச்சு, பக்கத்துல இருந்த கடை இதுதான். என்னையப் பாத்துட்டு, "நீங்கதானாங்ணா"ன்னான். நானே பஞ்சர் ஒட்டுனேன். அப்பா எப்படி இருக்காருன்னேன். நல்லா இருக்காருன்னான்.

வேலை முடிஞ்சதும் கேட்டான். "டயரு இன்னும் எவ்வளவு ஓடுமுங்ணா?"

நான் கைய வெச்சுப் பாத்தேன். "ஆறாயிரம் தாராளமா ஓடும் கிரி"ன்னேன்.

தலைய ஆட்டுனான். ஆட்டிட்டு பாக்கெட்டுல இருந்து ஒரு ரூவாய எடுத்தான். காச டயர்ப் பள்ளத்துல நிக்க வெச்சுப் பாத்தா எவ்வளவு ஆழம் இருக்குன்னு தெரியும், உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். அந்தக் கால நீட்டிட்டு, ஒரு கையத் தரையில ஊனி, எறங்கி உக்காந்து முன் டயரப் பாத்தான். நான் எடுத்துக் காட்டட்டுமான்னு கேட்டேன். வேண்டாங்ணான்னான். கதவப் புடிச்சு எந்திரிச்சான். பின்னாடி போனான். மறுபடியும் எறங்கி உக்காந்தான். அந்தப் பக்கம் போனான். நாலு டயரும் பாத்தானுங்க. நாலு தடவை எறங்கி, நாலு தடவை எந்திரிச்சான். பேன்ட் முட்டியெல்லாம் மண்ணு. செந்திலு தூக்கி விடப் போனான், நான்தான் வேண்டாம்னு புடிச்சு நிறுத்துனேன். கால் மணி நேரம் ஆச்சு. நான் இங்கதான், இதே எடத்துலதான் நின்னேன்.

கடைசியா வந்து அந்த ரூவாய மேசை மேல வெச்சான். "சரிதாங்ணா. ஆறாயிரம் ஓடும். நீங்க சொன்னது நெசந்தான்"னு சொன்னான். நல்லபடியாத்தான் சொன்னான், குத்திக் காட்டல. அதான் எனக்கு... சரி. போயிட்டான். காச எடுத்துக்க மறந்துட்டான். நான் எடுத்து உள்ள போடல. அப்படியே கெடக்குது.

அதோ, உங்க வண்டிய மேடையில ஏத்தறாங்க. ஏங்க, நில்லுங்க. வந்தப்ப உங்க டயரு பத்தாயிரம் ஓடும்னு சொன்னேனுங்களே. பத்து ஓடாதுங்க. முன்னாடி ரெண்டும் அஞ்சுதான் ஓடும். பயந்துருவீங்கன்னு கூட்டிச் சொன்னேன்.

இல்ல, நான் சொல்ல வேண்டாம். அந்த ரூவாய எடுங்க. எடுங்க, பரவால்ல. குனிஞ்சு நீங்களே பாருங்க. ஒண்ணு பாத்தாப் பத்தாதுங்க, நாலையும் பாருங்க.